சீட்டாட்டத்துக்கு மொழி வகுத்த ஈலை கல்பர்ட்ஸன்

ஆண்டு மலர் என்றால் புலவர் வரலாறும், தேசத் தலைவர் வரலாறும், அடியார் வரலாறும் இடம்பெறுவதே மரபு. அவ்வரிசையில் ஒரு சீட்டாட்டக்காரரின் வரலாற்றைச் சேர்ப்பது தகுமா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். வள்ளுவப் பெருந்தகை சூதினைக் கடிவதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். பகடையால் பாண்டவர் பட்ட பாட்டைப் பாட்டியின் மடியில் கிடந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், விழும் காயை நம்பிப் பொருளைப் பணயம் வைப்பது வேறு. நால்வர் அமர்ந்து, எதிரெதிர் இருப்போர் இருவர் இருவராகக் கூடி, நினைவையும் ஊகத்தையும் முதலாக வைத்து ஆடும் பிரிட்ஜ் ஆட்டம் வேறு. மாட்டுங்காவின் மாடி வராந்தாக்களிலும் செம்பூர்க் காலனிகளிலும் ஞாயிறு பிற்பகல்களில் இந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை. மின்சார ரயிலில் நால்வர் முழங்காலோடு முழங்கால் சேர்த்து, நடுவே கைப்பெட்டியை மேசையாக்கிச் சீட்டுப் போடும் இந்த நகரத்தில், அந்த ஆட்டத்துக்கு இலக்கணம் செய்தவர் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்வது தவறாகாது.

அவர் பெயர் ஈலை கல்பர்ட்ஸன். 1891-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் ருமேனியா நாட்டில் பிறந்தவர். தந்தையார் அமெரிக்கர்; சுரங்கப் பொறியியல் வல்லுநர்; ரஷ்யாவின் காக்கேசியப் பகுதியில் எண்ணெய்க் கிணறுகள் தோண்டிப் பெரும்பொருள் ஈட்டியவர். தாயாரோ கொசாக்குக் குலத்துத் தளபதி ஒருவரின் மகள். ஆகவே பிறந்த மண் ஒன்று, வளர்ந்த மண் மற்றொன்று, குடியுரிமை மூன்றாவது மண்ணுக்கு உரியது. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இந்த நிலை புதிதன்று. பாரிஸிலும் ஜினீவாவிலும் சில காலம் கல்வி பயின்றார். பல மொழிகளை அறிந்தார். இளமையில் புரட்சிக்காரர்களோடு உறவாடிச் சிறை புகுந்ததாகவும், மெக்ஸிகோவிலும் ஸ்பெயினிலும் அலைந்ததாகவும் 1940-இல் வெளியிட்ட தம் சுயசரிதையில் விரிவாக எழுதியிருக்கிறார். தம்மைப் பற்றி எழுதுவதில் அவர் சிக்கனம் காட்டுபவர் அல்லர். ஆதலால் அந்தக் கதைகளை ஓரளவு தள்ளுபடி செய்தே வாசிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

தள்ளுபடிக்கு இடமில்லாத செய்தி ஒன்று உண்டு. 1917-இல் ரஷ்யப் புரட்சி மூண்டபோது குடும்பத்தின் செல்வம் முழுவதும் போயிற்று. அதுவரை பொழுதுபோக்காக இருந்த சீட்டு, அதன்பின் பிழைப்பாயிற்று. ஐரோப்பிய நகரங்களின் ஆட்ட மனைகளில் காலம் கழித்துவிட்டு, 1921-இல் ஏறக்குறைய வெறுங்கையோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். இதை நாம் மறைக்க விரும்பவில்லை. அந்நாளில் அவர் பணத்துக்கு ஆடியவரே. வறுமையும் அவரை விட்டபாடில்லை.

1923-இல் அவர் வாழ்க்கையில் ஜோஸபின் வந்தார். அந்நாளில் நியூயார்க்கில் பிரிட்ஜ் கற்பிக்கும் ஆசிரியைகளுள் முதல் வரிசையில் இருந்த இளம்பெண் அவர். கணவர் புயல் என்றால் மனைவியார் அமைதி. மேசையில் அமர்ந்தால், கையில் வந்தது நல்ல சீட்டா கெட்ட சீட்டா என்பதை அவர் முகத்தைப் பார்த்து ஒருவரும் அறிய முடியாது. ஆடவரோடு சரிநிகராக அமர்ந்து முதல் தரப் போட்டிகளில் ஆடிப் பெயர் பெற்ற பெண்மணிகளுள் அவரே முன்னோடி. கல்பர்ட்ஸனின் புகழில் சரிபாதி ஜோஸபினுடையது என்று சொன்னால் அது மிகையாகாது. பாதிக்கும் மேல் என்பாரும் உளர்.

இனி ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நம் ஊரில் இருபத்தெட்டு ஆடாதவர் குறைவு. யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு முந்நூற்று நான்கு தெரியும். அவற்றில் கேள்வி கேட்பது என்று ஒன்று உண்டன்றோ? இத்தனை எடுப்போம் என்று முன்கூட்டியே சொல்லி, துருப்பு வைக்கும் உரிமையைப் பெறுவது. பிரிட்ஜிலும் அதுவே தொடக்கம். ஐம்பத்திரண்டு சீட்டுகளையும் நால்வருக்கும் பதின்மூன்று வீதம் பகிர்ந்த பின், எத்தனை பிடி எடுப்போம், எந்த இனம் துருப்பு என்று மாறி மாறிக் கேள்வி சொல்வார்கள். பழைய ஆக்ஷன் பிரிட்ஜில், குறைவாகக் கேட்டுவிட்டு அதிகமாக எடுத்தாலும் எடுத்தவை எல்லாம் ஆட்டத்தின் வெற்றிக்குக் கணக்காகும். எனவே கேள்வியில் தாராளம் தேவைப்படவில்லை.

1925 அக்டோபர் இறுதியில் அந்த நிலை மாறியது. ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கச் செல்வர் பின்லாந்து என்ற கப்பலில் பனாமாக் கால்வாய் வழியாகச் சென்றபோது, தாம் வகுத்த புதிய கணக்கு முறையை நண்பர்களோடு ஆடிப் பார்த்தார். எத்தனை கேட்டோமோ அத்தனைதான் ஆட்டக் கணக்கில் சேரும். மிகுதியாக எடுத்தவை ஒதுக்குக் கணக்கில் போகும். பன்னிரண்டோ பதின்மூன்றோ எடுப்போம் என்று துணிந்து கேட்டு எடுத்தால் பெரும் பரிசு உண்டு. ஓர் ஆட்டம் வென்ற கட்சி தோற்றால் தண்டனை கூடும். அந்த நிலைக்கு வல்னரபிள் என்று பெயர். அச்சொல்லைக் கொடுத்தவர் அதே கப்பலில் பயணம் செய்த ஓர் இளம்பெண் என்பர். அவர் பெயரைக் குறித்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. உலகமெங்கும் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லைத் தந்துவிட்டுப் பெயரில்லாமல் கரையிறங்கிப் போனார் அந்தப் பெண்.

இந்த ஒரு மாற்றத்தால் காண்ட்ராக்ட் பிரிட்ஜில் கேள்வியே உயிர்நிலையாயிற்று. உங்கள் கையும் கூட்டாளியின் கையும் சேர்ந்தால் பத்துப் பிடி கிடைக்கும் என்றால், அந்தப் பத்தைக் கேட்டே ஆக வேண்டும். எட்டோடு நிறுத்திக்கொண்டு பத்து எடுத்தால் கையில் வெற்றி இருந்தும் வெளியே வெற்றி இல்லை. கூட்டாளியின் கையில் இருப்பதைப் பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது, கண் காட்டவும் கூடாது. பேசுவதற்கு உரிய சொற்கள் எத்தனை? ஒன்று முதல் ஏழு வரை ஏழு படிகள், ஒவ்வொரு படியிலும் கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட், துருப்பில்லாத ஆட்டம் என ஐந்து, ஆக முப்பத்தைந்து. பாஸ், டபிள், ரீடபிள் என்னும் மூன்றையும் கூட்டினால் முப்பத்தெட்டு. இந்த முப்பத்தெட்டுச் சொற்களால் பதின்மூன்று சீட்டின் கதையைச் சொல்ல வேண்டும். மேலே ஏறலாமே தவிர, சொன்னதை விட்டுக் கீழே இறங்க வழியில்லை.

கூட்டாளி என்ற சொல்லை ஏன் ஆள்கிறோம், பங்காளி எனலாகாதா என்று கேட்கலாம். பங்காளி என்றதும் நமக்கு வேலித் தகராறும் கிணற்று வழக்கும் நினைவுக்கு வருகின்றன. பிரிட்ஜ் மேசையில் அந்தப் பெயரும் பொருந்தாமற் போகாது. ஆனாலும் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

கல்பர்ட்ஸனின் மேதை எங்கே விளங்கிற்று என்றால், இந்த முப்பத்தெட்டுச் சொற்களையும் அவர் ஒரு மொழியாகவே கண்டார். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். அதற்கு விடையாக வரும் சொல்லுக்கு ஒரு பொருள். எந்தச் சொல் உரையாடலை முடிக்கும், எந்தச் சொல் முடிக்க விடாது என்பதற்கு விதி. முன்பின் அறியாத இருவர் ஒரு மேசையில் அமர்ந்து, அந்த நூலைப் படித்திருந்தால் போதும், தம்முள் பேசிக்கொள்ளலாம். அதற்கு முன்னும் விதிகள் இருந்தன, மேதைகள் இருந்தார்கள். ஆனால் ஊரெல்லாம் ஒரே இலக்கணம் என்ற நிலை இல்லை.

முதலில் அவர் கையின் வலிமைக்கு ஓர் அளவு வைத்தார். ஆஸும் ராஜாவும் ஒரே இனத்தில் சேர்ந்திருந்தால் இரண்டு மதிப்பு. ஆஸும் ராணியும் என்றால் ஒன்றரை. தனி ஆஸ் ஒன்று. ராஜாவும் ராணியும் ஒன்று. துணையோடு கூடிய ராஜா அரை. நான்கு கைகளிலும் சேர்ந்து இத்தகைய மதிப்பு ஏறத்தாழ எட்டு இருக்கும். முதலில் வாய் திறப்பவருக்கு இரண்டரையேனும் வேண்டும். ஆகவே உங்கள் கூட்டாளி வாய் திறந்தார் என்றால் எட்டில் இரண்டரை அங்கே இருக்கிறது; உங்களிடம் மூன்றரை இருந்தால் ஆறு நம்முடையது; எதிரிகளிடம் மிஞ்சியது இரண்டு. இந்தச் சிறு கணக்கை ஆரம்பப் பள்ளி மாணவனும் செய்யலாம். அதுதான் அதன் அழகு.

அடுத்தது, நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. கூட்டாளி ஒரு கேள்வி சொல்லிவிட்டார். உங்கள் கையோ அவருக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ வலிமையுடையது. இருவர் கையும் சேர்ந்தால் ஆட்டம் நிச்சயம். ஸ்லாம் என்னும் பன்னிரண்டு பிடியும் கிடைக்கலாம். ஆனால் எந்த இனம் துருப்பு, எவ்வளவு உயரம் என்று இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளப் பேச்சு நீள வேண்டும். நீங்கள் அடக்கமாக ஒரு சொல் சொல்ல, கூட்டாளி அதை ஏழ்மை என்று கருதிப் பாஸ் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. பயந்து நேரே உச்சிக்குப் போனாலோ, பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது. ஏழைக் கையில் இத்தொல்லை இல்லை; பாஸ் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். செல்வக் கைக்குத்தான் இந்தச் சங்கடம்.

கல்பர்ட்ஸன் இதற்குக் கட்டாயக் கேள்வி என்னும் உபாயத்தைக் கையாண்டார். கூட்டாளி ஓர் ஆட்டின் என்கிறார். உங்களிடம் ஆஸ், ராஜாவோடு ஐந்து இஸ்பேட், ராஜாவோடு மூன்று ஆட்டின், ஆஸோடு மூன்று டைமன், ஒன்றுக்கும் உதவாத இரண்டு கிளாவர். மதிப்பு மூன்றரை. ஓர் இஸ்பேட் என்றாலே போதும் என்ற இடத்தில், ஒரு படி தாவி இரண்டு இஸ்பேட் என்று சொல்லுங்கள் என்றார் அவர். தேவைக்கு மேல் ஒரு படி தாவியதால், ஆட்டம் எட்டும் வரை இருவரும் பேச்சை நிறுத்தக் கூடாது என்பது பொருள். அதன்பின் அவசரமே இல்லை. நிதானமாக ஒவ்வோர் இனமாகப் பேசி, ஆஸ் எங்கே, ராஜா எங்கே என்று கண்டறியலாம். இதே எண்ணத்தில்தான், முதலில் வாய் திறப்பவர் இரண்டு என்று தொடங்கினால் அதுவும் ஆட்டம் வரைக்கும் கட்டாயம் என்று வகுத்தார். அணுகுதலும் கட்டாயமும் சேர்ந்த முறை என்று அதற்குப் பெயர் வழங்கிற்று.

1929 அக்டோபரில் பிரிட்ஜ் வேர்ல்ட் என்னும் திங்களிதழைத் தொடங்கினார். அதே திங்களில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. பத்திரிகை தொடங்க அதைவிடக் கெட்ட வேளை உண்டா என்று தோன்றும். நடந்ததோ நேர்மாறு. கையில் காசில்லாத மக்கள் மாலையில் வெளியே போவதை விட்டு, ஒரு கட்டுச் சீட்டை வைத்துக்கொண்டு வீட்டில் அமர்ந்தார்கள். 1930-இல் அவர் வெளியிட்ட நீலப் புத்தகம் என்னும் நூல் அமோகமாக விற்றது. அவ்வாண்டே லண்டன் சென்று கர்னல் புல்லரின் குழுவைத் தோற்கடித்தார். ஆங்கிலேயர் முறைகளை எல்லாம் வேண்டாத சிக்கல் என்று ஏளனம் செய்து, இயல்பான புத்தியே போதும் என்றிருந்தவர் புல்லர். அந்தத் தோல்விக்குப் பின் இங்கிலாந்திலும் நீலப் புத்தகம் பரவிற்று.

இக்காலத்தில் கான்சாஸ் நகரில் நேர்ந்த ஒரு துயரத்தையும் குறிப்பிட வேண்டும். 1929 செப்டம்பரில் பென்னட் என்னும் தம்பதியர் அண்டை வீட்டாரோடு பிரிட்ஜ் ஆடினர். கணவர் ஓர் இஸ்பேட் என்று திறந்தார், நல்ல கை வைத்திருந்த மனைவி நான்கு இஸ்பேட் என்று உயர்த்தினார், ஆட்டம் தோற்றது. சொல் முற்றிக் கணவர் கைநீட்ட, மனைவி துப்பாக்கி எடுத்தார். கணவர் இறந்தார். 1931-இல் நீதிமன்றம் அம்மையாரை விடுதலை செய்தது. அன்றைய சீட்டுகள் இவையே என்று பின்னர் அச்சேறியதை நம்புவதற்கில்லை. ஆனால் கல்பர்ட்ஸன் அந்தக் கைகளை ஆராய்ந்து எழுதி, தம் முறைப்படி கேள்வி சொல்லியிருந்தால் உயிர் பிழைத்திருக்கும் என்ற பாங்கில் விளம்பரம் தேடிக்கொண்டார். ஒரு வீட்டின் இழவில் விளம்பரம் தேடியது அழகன்று. அவர் குணத்தில் இப்படி ஒரு பக்கமும் இருந்தது.

அவர் செல்வாக்குக் கண்டு பழைய ஆசான்கள் விழித்துக்கொண்டார்கள். 1931-இல் பன்னிருவர் கூடி, அதிகாரபூர்வமான முறை என்று ஒன்றை அறிவித்தார்கள். கல்பர்ட்ஸன் அவர்களுள் தலைசிறந்த சிட்னி லென்ஸை ஆட்டத்துக்கு அழைத்தார். நூற்றைம்பது ரப்பர் ஆடுவோம், என் பக்கம் ஐயாயிரம் டாலர், உம் பக்கம் ஆயிரம் போதும், வென்ற பணம் தருமத்துக்கு என்றார். 1931 டிசம்பர் 7-ஆம் நாள் நியூயார்க் சாத்தம் ஓட்டலில் ஆட்டம் தொடங்கியது. அமெரிக்கப் பத்திரிகைகள் போர்ச் செய்தி போல் அதை முதற்பக்கத்தில் வெளியிட்டன. திரையின் இடுக்கு வழியே நிருபர்கள் முறை வைத்து எட்டிப் பார்த்தார்கள். நடுவராக இருந்தவர் ஆல்பிரட் குரூந்தர் என்னும் இளம் இராணுவ அதிகாரி. பிற்காலத்தில் நேட்டோப் படைகளின் தலைமைத் தளபதியானவர் அவரே.

இந்த ஆட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது கூட்டாளிகளை. கல்பர்ட்ஸனின் எதிரே பெரும்பாலும் ஜோஸபின். நூற்றைம்பதில் எண்பத்தெட்டு ரப்பர் அவர் ஆடினார். எட்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே முறையை உருவாக்கி, ஒருவர் மௌனத்தின் பொருளையும் மற்றவர் அறிந்த தம்பதியர். அம்மையார் ஓய்வெடுத்த வேளைகளில் அமர்ந்தவர்களும் அதே முறையைப் பயின்றவர்கள். லென்ஸின் எதிரே அமர்ந்தவரோ ஆஸ்வால்ட் ஜேகபி. லென்ஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஜேகபி தம் இருபத்தொன்பதாவது பிறந்த நாளை ஆட்டம் தொடங்கிய மறுநாள் கொண்டாடியவர். ஒருவர் ஆக்ஷன் காலத்து நிதானி. மற்றவர் கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டி எதிரியைத் திணறடிக்கும் துணிச்சல்காரர். இருவரும் தனித்தனியே மாபெரும் ஆட்டக்காரர்கள். ஆனால் ஜேகபி எதிரிக்கு வைத்த பொறியில் பலமுறை லென்ஸே விழுந்தார்.

தொடக்கத்தில் லென்ஸ் கட்சி பல்லாயிரம் புள்ளி முன்னே சென்றது. பிறகு காற்று திசை மாறிற்று. நாற்பத்து மூன்றாவது ரப்பரில் முந்திய கல்பர்ட்ஸன் கட்சி அதன்பின் பின்னடையவில்லை. நூற்று மூன்றாவது ரப்பர் முடிந்ததும், தம் ஆட்டத்தை லென்ஸ் எல்லோர் முன்னிலையிலும் கடிந்ததைப் பொறுக்காமல் ஜேகபி விலகிக்கொண்டார். கமாண்டர் லிகெட் என்பவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். 1932 ஜனவரி 8-ஆம் நாள், அதற்குள் வால்டார்ப் அஸ்டோரியா ஓட்டலுக்கு மாறியிருந்த அந்தப் போட்டி, 879 கைகள் ஆடிய பின் முடிவுற்றது. கல்பர்ட்ஸன் 8,980 புள்ளி வேறுபாட்டில் வென்றார். நூற்றைம்பது ரப்பருக்கு இது பெரிய வேறுபாடு அன்று. முறையின் மேன்மையை இது மெய்ப்பித்ததா என்றால், இல்லை என்றே கணக்கறிந்தோர் சொல்வர். சீட்டின் ஏற்றத்தாழ்வே அவ்வளவு வேறுபாட்டைத் தரக்கூடும். ஆனால் மக்கள் கணக்குப் பார்ப்பதில்லை. அன்று முதல் பிரிட்ஜ் என்றால் கல்பர்ட்ஸன் என்றாயிற்று. அவர் முறையைக் கற்பிக்க ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் முளைத்தார்கள். வானொலி, பத்திரிகை, நூல் எனப் பணம் பெருகியது. அதைப் பெருகிய வேகத்திலேயே செலவிடவும் அவர் அறிந்திருந்தார்.

1935-இல் ஹால் சிம்ஸ், டோரதி சிம்ஸ் என்னும் மற்றொரு தம்பதியரோடு நூற்றைம்பது ரப்பர் ஆடி 16,130 புள்ளியில் கல்பர்ட்ஸன் தம்பதியர் வென்றனர். 1937-இல் புடாபெஸ்ட் நகரில் உலகப் பட்டத்துக்காக ஆடியபோது ஆஸ்திரியக் குழுவிடம் தோற்றனர். ஈலை கல்பர்ட்ஸன் பெரும்போட்டி ஆடியது அத்தோடு சரி. மறு ஆண்டே கணவனும் மனைவியும் மணவிலக்குப் பெற்றார்கள். மேசையில் ஒருவர் மனத்தை ஒருவர் படித்த அந்த இணை, வீட்டில் பிரிந்தது. தொழிலில் மட்டும் கூட்டு நீடித்தது. பகை இருந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய முறை என்னவாயிற்று? காலம் அதையும் விடவில்லை. 1949-இல் சார்லஸ் கோரன் பரப்பிய புள்ளிக் கணக்கு, ஆஸுக்கு நான்கு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என்று இன்னும் எளிதாக இருந்ததால், கல்பர்ட்ஸனின் மதிப்புக் கணக்கு மறைந்தது. ஸ்லாமுக்கு முன் ஆஸ்களை அறிய அவர் வகுத்த வழியும் பிளாக்வுட் என்பவரின் வழிக்கு இடம் விட்டது. தாவிச் சொல்லும் கட்டாயக் கேள்வியின் கதி இன்னும் வேடிக்கையானது. கோரன் காலத்தில் அது மிகப் பெரிய கைக்கே உரியதாகச் சுருங்கிற்று. பின் வந்த சில முறைகளில் அதே தாவல் ஏழைக் கையைக் குறிப்பதாக அடியோடு மாறிவிட்டது. லென்ஸை விட்டு விலகிய அந்த ஜேகபியின் பெயரிலோ, கூட்டாளியின் ஆட்டினையோ இஸ்பேடையோ வலிமையோடு தாங்குவதற்கு இரண்டு நோ-ட்ரம்ப் என்று சொல்லும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது.

இதனால் வந்த அனுபவம் ஒன்று நமக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், இந்நகரத்து மன்றம் ஒன்றில், ஒரு மராத்தி அன்பரின் கூட்டாளி வராததால் அவர் எதிரே நாம் அமர நேர்ந்தது. அறிமுகத்துக்கு ஒரு வணக்கத்தைத் தவிர வேறு பேச்சில்லை. அவர் ஓர் ஆட்டின் என்றார். நம் கையில் மேலே சொன்னதை ஒத்த கை. பழம்நூல் படித்த நினைவில் கம்பீரமாக இரண்டு இஸ்பேட் என்று தாவினோம். அவர் நம்மை இரக்கத்தோடு பார்த்துப் பாஸ் என்றார். அவர் பயின்ற முறையில் அது நீண்ட இஸ்பேடும் வறுமையும் கொண்ட கை. பன்னிரண்டு பிடி எடுத்தோம், எட்டுக்கே கணக்கு. எதிரே இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பென்னட் வீட்டுக் கதை நினைவுக்கு வரவே, நாமும் சிரித்துவிட்டோம்.

பின்னர் எண்ணிப் பார்த்ததில், அறியாத கூட்டாளியிடம் எந்தச் சொல்லைச் சொல்லலாம் என்பது ஒருவாறு விளங்கிற்று. தாவக் கூடாது. புதிய இனத்தை இருக்கும் படியிலேயே அடக்கமாகச் சொல்ல வேண்டும். முன்பு பாஸ் சொல்லாதவர் புதிய இனம் ஒன்றைப் பதிலாகச் சொன்னால், திறந்தவர் இன்னொரு முறை பேசியே ஆக வேண்டும் என்பதை ஏறக்குறைய எல்லா முறைகளும் ஒப்புக்கொள்கின்றன. ஓர் இஸ்பேட் என்றிருந்தால் அவர் பேசியிருப்பார்; மீண்டும் ஆட்டினே சொல்லியிருந்தால் நாம் நேரே நான்கு ஆட்டின் சொல்லி முடித்திருக்கலாம். ஸ்லாம் தவறியிருக்கலாம், ஆட்டம் தவறியிராது. கூட்டாளியின் ஆட்டினை மூன்றாக உயர்த்துவதும் அபாயமே. கல்பர்ட்ஸன், கோரன் நாளில் அது கட்டாயம், இன்றைய முறைகள் பெரும்பாலானவற்றில் அது வெறும் அழைப்பு, கூட்டாளி மறுத்துவிடலாம். இரண்டு நோ-ட்ரம்ப் சொல்லவே வேண்டாம். ஜேகபியை அவர் அறிந்தவரா அல்லரா என்று யார் கண்டது? இரு பொருள் தரும் சொல்லை விட்டு ஒரு பொருள் தரும் சொல்லைத் தேடுவது, ஊர் பாஷை அரைகுறையாகத் தெரிந்த நாளில் தாதர் சந்தையில் காய்கறி வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்குக் கடினமாக இராது.

நம் நாட்டவர் இந்த ஆட்டத்தில் பின்தங்கியவர் அல்லர் என்பதையும் இடையே சொல்லிவிடுவோம். 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் என்னும் வங்காளத்து இணையர் ஆடவர் இரட்டையரில் தங்கம் வென்றனர். பர்தனுக்கு அப்போது அறுபது வயது. பல ஆண்டுகள் சேர்ந்து ஆடிய இணை அது.

கல்பர்ட்ஸனின் பிற்காலத்தைப் பற்றி எழுதுகையில் பலர் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டாம் உலகப்போர் நெருங்கியபோதே அவர் மனம் சீட்டை விட்டு அகன்றது. உலக நாடுகளின் கூட்டாட்சிக்கு ஒரு திட்டம் தீட்டினார். ஒவ்வொரு நாடும் வைத்துக்கொள்ளத்தக்க படைக்கு ஓர் அளவும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு காவற்படையும் அதன் சாரம். 1943-இல் அது குறித்துப் பெருநூல் ஒன்று எழுதினார். தம் பொருளையும் காலத்தையும் அதற்கே செலவிட்டார். அரசியல் அறிஞர் சிலர் மதித்தனர். மற்றவர்க்கு அவர் சீட்டாட்டக்காரராகவே தோன்றினார். ஐயமும் அச்சமும் கொண்ட தரப்புகளுக்கிடையே, தவறாமல் பொருள் விளங்கும் சொற்களை வகுத்துவிடலாம் என்று அவர் நம்பினார் போலும். அவர் திட்டம் ஏட்டளவில் நின்றது.

1947-இல் மீண்டும் மணம் புரிந்தார், அதுவும் நிலைக்கவில்லை. நெடுநாள் மார்பு நோயால் வருந்தி, 1955 டிசம்பர் 27-ஆம் நாள், வெர்மான்ட் மாநிலத்துப் பிராட்டில்பரோ என்னும் சிற்றூரில் தமது அறுபத்து நான்காம் வயதில் காலமானார். 1964-இல் பிரிட்ஜ் பெருமக்கள் வரிசை ஒன்றை அவர் தொடங்கிய இதழே ஏற்படுத்தியபோது, வாண்டர்பில்ட், கோரன் ஆகியோரோடு அவர் பெயரும் முதல் மூவருள் ஒன்றாக எழுதப்பட்டது. ஜோஸபின் அதைக் காணவில்லை. ஈலை மறைந்து மூன்று திங்கள் நிறையுமுன்பே, 1956 மார்ச்சில், அந்த அம்மையாரும் கண்மூடிவிட்டார்.